தாய்ப்பாலுக்கான பணம்: வகுப்புக்கா, வார்டுக்கா, வீட்டுக்கா?

ஆகஸ்ட் முதல் வாரம் வந்துவிட்டால் அரசு மருத்துவமனை வாயில்களிலும் நர்சிங் கல்லூரி வளாகங்களிலும் தாய்ப்பால் வாரப் பேனர்கள் ஏறிவிடுகின்றன. கோலப்போட்டியும் ஊர்வலமும் உறுதிமொழி ஏற்பும் நடக்கின்றன, சத்துமாவுப் பொட்டலம் வழங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், எட்டாம் தேதி பேனரைக் கழற்றிவிடுகிறார்கள். தாய்ப்பாலூட்டலைக் காக்கவும் ஊக்குவிக்கவும் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 1990இல் ஏற்கப்பட்ட இன்னசென்டி பிரகடனத்தின் நினைவாக 1992 முதல் கடைப்பிடிக்கப்படும் வாரம் இது. இதற்காகத் தமிழ்நாட்டு ஊர்களில் தொண்டு அமைப்புகளும் மகளிர் குழுக் கூட்டமைப்புகளும் தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியும் சேர்ந்து செலவிடும் தொகை அற்பமானதன்று. அந்தத் தொகை ஆண்டு முழுவதற்குமான ஒரே ஒரு பணிக்குத் திருப்பப்படுமானால் எந்தப் பணியைத் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முடிவெடுக்க வேண்டியவராக ஒரு சிறிய அறக்கட்டளையையோ ஊராட்சி ஒன்றிய அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பையோ மனத்தில் வைத்துக்கொள்கிறேன். இரண்டு அல்லது மூன்று பெண்களுக்கு மாதச் சம்பளமும் பேருந்துக் கட்டணமும் கொடுக்கும் அளவுக்கு அதன் கையில் பணம் உண்டு. மருத்துவமனையை நடத்தும் அதிகாரமோ சட்டம் இயற்றும் அதிகாரமோ கிடையாது. அரசுத் திட்டங்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ‘எல்லாவற்றையும் ஒருங்கே செய்ய வேண்டும்’ என்று முடிந்துவிடுவதால், எல்லாவற்றையும் செய்ய இயலாதவருக்கு அவை உதவுவதில்லை.

முதலில் நம் ஊரின் நிலையைப் பார்த்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் மூன்று காரியங்களைச் சொல்கின்றன: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், முதல் ஆறு மாதம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு இணை உணவோடு இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும், அதாவது 100க்கு 99க்கும் மேல், மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடக்கின்றன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் சுமார் 60 விழுக்காடு. இந்திய அளவில் அது சுமார் 42 விழுக்காடுதான். இதுவரை தமிழ்நாடு முன்னால் நிற்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே பெறுவோர் இந்திய அளவில் சுமார் 64 விழுக்காடாக இருக்க, தமிழ்நாட்டில் 55 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறார்கள்.

தொடக்கத்தில் நாட்டை முந்துகிற மாநிலம் தொடர்ச்சியில் பின்தங்குகிறது என்னும் இந்த முரணை விட்டுவிட்டு எந்த ஒப்பீடும் செய்யலாகாது. மருத்துவமனைக்கு வந்து சேராத பெண்கள் இங்கே அரிது. தாய்ப்பாலே சிறந்தது என்பதை அறியாத பெண்ணும் அரிது. எட்டாம் வகுப்புப் படித்தவரும் பொறியியல் படித்தவரும் கேட்டவுடன் ஒப்பிக்கும் செய்தி அது. குறை எங்கே இருக்கிறதென்றால், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன பின் வரும் நாட்களில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்த அளவுகோலைக் கொண்டே எடைபோடுகிறேன்.

கர்ப்பகால வகுப்பு

செலவு குறைந்ததும் ஏற்பாடு எளியதும் இதுவே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாளன்று ஐம்பது பேர் ஏற்கெனவே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கன்வாடி வழியாக அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் நூறு பேர்கூடக் கூடுவார்கள். ஒரு பொம்மையும் ஒரு படச்சுருளும் இருந்தால் ஒருவர் ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் பேசிவிடலாம். ஆண்டறிக்கையில் ‘பயன்பெற்றோர்’ எண்ணிக்கை பெரிதாகத் தெரிவதும் இவ்வழியில்தான், நிதி தருவோர் இதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் பிரசவத்துக்கு முன் மட்டும் தரப்படும் கல்வியைப் பற்றிய சோதனைகளைத் திரட்டிப் பார்த்த, மருத்துவச் சான்றுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் என்னும் அமைப்பின் மதிப்பாய்வு, தாய்ப்பால் தொடங்கும் விகிதமோ தொடரும் விகிதமோ அதனால் உயர்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றே முடிவுசெய்தது. இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. ஏழாம் மாதத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட செய்தி, மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு குழந்தை வாய் வைக்க மறுத்து வீறிடும்போது கைக்கு வருவதில்லை. நீச்சலைக் கரையில் நின்று கற்பிப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு கிடையாது.

இன்னொரு குறையும் உண்டு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். கணவன் ஊரில் பதிவுசெய்து, அவ்வூர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தடுப்பூசி போட்டுக்கொண்டு, அங்கே வகுப்பும் கேட்ட பெண், வளைகாப்பு முடிந்ததும் வேறொரு மாவட்டத்துக்குப் போய்விடுகிறாள். வகுப்பில் சொன்னதை நினைவூட்ட வேண்டிய நேரத்தில், சொன்னவர் அங்கே இல்லை. அவளைச் சுற்றி இருப்பவர்கள், வகுப்புக்கு வராத அம்மாவும் பாட்டியும் பெரியம்மாவும்தான். குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைப்பதா, சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதா, ‘சீம்பால் கெட்டியா இருக்கு, பீய்ச்சி ஊத்திடு’ என்பதா, டப்பா பால் வாங்கிவரச் சொல்வதா என்பதெல்லாம் அவர்கள் வாயில் இருக்கிறது.

ஆகவே வகுப்பைக் கைவிடச் சொல்லவில்லை. அதை முதன்மைச் செலவாக்க வேண்டாம் என்கிறேன். ஒன்பதாம் மாதத்தில், பெண் தங்கப்போகும் வீட்டிலேயே, பாட்டியையும் உட்காரவைத்துப் பேசும் அரைமணி நேரம், மண்டபத்தில் நூறு பேருக்குப் பேசும் மூன்று மணி நேரத்தைவிடப் பயனுள்ளது என்பது என் துணிபு.

பிரசவ வார்டில் ஓர் ஆள்

இரண்டாவது வழி, பிரசவ வார்டில் பயிற்சி பெற்ற பெண் ஒருவரை நிறுத்துவது. யுனிசெஃபும் உலக சுகாதார நிறுவனமும் 1991இல் தொடங்கிய ‘குழந்தை நேய மருத்துவமனை’ இயக்கத்தின் அடிப்படை எண்ணம் இதுதான்: பத்துப் படிகள் என்னும் ஒழுங்குமுறையை மருத்துவமனை கடைப்பிடித்தால், தாயும் சேயும் பிரியாமல், பிறந்த உடனே மார்போடு சேர்த்து, தேவையின்றிப் பவுடர் பால் கொடுக்காமல் அனுப்பிவைக்கலாம். அப்படிகள் 2018இல் திருத்தி வெளியிடப்பட்டன.

இவ்வழிக்கு மிகப் பெரிய சான்றாகக் காட்டப்படுவது பெலாரஸ் நாட்டில் நடந்த சோதனை. 31 மகப்பேறு மருத்துவமனைகளும் அவற்றோடு இணைந்த புறநோயாளர் நிலையங்களும் அதில் பங்கேற்றன. 17,000 தாய்-சேய் இணைகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டன. முடிவுகள் 2001இல் வெளியாயின. பயிற்சி பெற்ற நிலையங்களில் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகள் 43.3 விழுக்காடு, மற்றவற்றில் 6.4 விழுக்காடு. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு நோயும் குறைந்தது. இந்த எண்களைக் காட்டி ‘மருத்துவமனையை மாற்றினால் போதும்’ என்று வாதிடுவோர் இரண்டு செய்திகளை விட்டுவிடுகிறார்கள். பயிற்சி பிரசவ வார்டோடு நின்றுவிடவில்லை. குழந்தையை மாதந்தோறும் எடை பார்க்கும் நிலையத்திலும் அதே பயிற்சி பெற்றவர்களே இருந்தார்கள். மேலும் அந்நாட்டில் தாய்மாருக்கு நீண்ட மகப்பேறு விடுப்பு இருந்தது. அத்தனையும் இருந்தும் ஆறாம் மாதத்தில் அவ்விகிதம் 7.9 விழுக்காடாகச் சரிந்தது.

மருத்துவமனையையும் வீட்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த சோதனை ஒன்று பிரேசிலில் நடந்தது. பெர்னாம்புகோ மாநிலத்தின் பால்மாரெஸ் பகுதியில் மகப்பேறு மருத்துவமனை ஊழியர்களுக்கு முதலில் பயிற்சி தரப்பட்டது. பிறகு 350 தாய்மாரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருத்துவமனைப் பயிற்சியின் பயன் மட்டும், மறு பாதிக்கு அதோடு ஆறு மாதத்தில் பத்து முறை வீட்டுக்கு வந்து பார்த்தல் என்று ஏற்பாடு. மருத்துவமனையில் இருந்த முதல் 48 மணி நேரத்தில் 70 விழுக்காட்டுக் குழந்தைகள் தாய்ப்பால் மட்டுமே குடித்தன. பத்தாம் நாளில், வீட்டுக்கு யாரும் வராத குழுவில், அது 30 விழுக்காடாக வீழ்ந்திருந்தது. ஆறு மாத காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் வீட்டுக்கு வந்து பார்த்த குழுவில் சராசரியாக 45 விழுக்காடு. மற்றதில் 13 விழுக்காடு. முடிவெடுப்பவர் ஒரே ஒரு சான்றைத்தான் படிக்க முடியும் என்றால், 2005இல் வெளியான இந்த ஆய்வையே படிக்கச் சொல்வேன், ஏனெனில் எல்லாரும் மருத்துவமனையில் பெற்று, இரண்டாம் மூன்றாம் நாளில் வீடு திரும்பும் நம் ஊர் நிலைமைக்கு அது மிக நெருங்கி நிற்கிறது.

இருந்தாலும் வார்டை முழுதாகத் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 45 விழுக்காட்டுப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 60 விழுக்காட்டையும் தாண்டுகிறது. அறுவைக்குப் பின் முதுகில் போட்ட ஊசியால் மரத்துப்போன உடம்போடும் கையில் சொட்டு மருந்தோடும் படுத்திருப்பவளுக்குக் குழந்தையைப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடித்துக்கொடுக்க ஒருவர் வேண்டும். பால் சுரந்து இறங்குவதும் சிசேரியனில் ஒருநாள் தள்ளிப் போகக்கூடும். அந்த ஒருநாளில்தான் ‘பால் வரலை’ என்னும் தீர்ப்பு எழுதப்படுகிறது. ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு இது தெரியாமல் இல்லை, நேரம் இல்லை. இரவுப் பணியில் ஒருவர் இருபது கட்டில்களைப் பார்க்கும்போது, ஒரு தாயின் அருகே இருபது நிமிடம் உட்கார அவரால் இயலுமா?

ஆனால் அறக்கட்டளை ஆளை வார்டுக்குள் நிறுத்துவதற்கு மருத்துவமனைத் தலைமையின் அனுமதி வேண்டும், அந்தத் தலைமை மாறினால் அனுமதியும் மாறக்கூடும், ஒரு ஒன்றியத்தின் பெண்கள் பல மருத்துவமனைகளில் பிரசவிக்கிறார்கள், தனியார் மருத்துவமனைகளில் கதவே திறக்காமல் போகலாம். இவை சிறிய அமைப்புக்குப் பெரிய தடைகள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தல்

இனி மூன்றாவது வழி. முதலில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. எண்களைவிட அதுவே தெளிவாக விளக்கும்.

பால் சுரப்பு கேட்பதற்கேற்பக் கொடுக்கும் ஏற்பாடு. குழந்தை எவ்வளவு சப்பி மார்பைக் காலியாக்குகிறதோ அவ்வளவு அடுத்துச் சுரக்கும். ஐந்தாம் நாள் மாலையில் குழந்தை அடிக்கடி அழுகிறது. பாட்டி ‘பால் பத்தலை’ என்கிறாள். ஒரு புட்டி பவுடர் பால் உள்ளே போகிறது. குழந்தை அயர்ந்து தூங்குகிறது, எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அந்த மூன்று மணி நேரம் மார்பில் யாரும் வாய் வைக்கவில்லை. பால் கட்டிக்கொள்கிறது, கட்டிய மார்பில் காம்பு தட்டையாகிறது, குழந்தையால் கவ்வ முடியவில்லை, காம்பு நுனியில் வெடிப்பு, வலிக்குப் பயந்து அடுத்த வேளையும் புட்டி. பத்து நாளில் சுரப்பு உண்மையாகவே குறைந்துவிடுகிறது. பொய்யாகத் தொடங்கிய ‘பத்தலை’ மெய்யாகிவிடுகிறது. பூண்டும் முருங்கைக் கீரையும் சுறாப்புட்டும் பத்தியமாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அவை தாய்க்கு நல்ல உணவு, ஆனால் வாய் வைக்காத மார்பில் எதைத் தின்றாலும் பால் ஊறாது.

இந்தச் சங்கிலியை அறுக்கத் தேவையானது ஒரு சொற்பொழிவு அன்று. ஐந்தாம் நாள் அந்த வீட்டுக்கு வந்து, குழந்தை கவ்வும் விதத்தைக் கண்ணால் பார்த்து, காம்பை மட்டும் கவ்வாமல் கருவட்டத்தையும் சேர்த்துக் கவ்வுமாறு பிடித்துக்காட்டி, கட்டிய பாலைக் கையால் பீய்ச்சி எடுக்கக் கற்றுக்கொடுத்து, ‘ஐந்தாம் நாளுக்கு மேல் ஒரு நாளில் ஆறு முறைக்குக் குறையாமல் மூத்திரம் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பியதா என்று பாருங்கள், அப்படியானால் பால் போதும்’ என்று பாட்டியின் காதிலும் போட்டுவிட்டுப் போகிற ஒரு பெண் தேவை. அவர் டாக்டராகவோ நர்ஸாகவோ இருக்க வேண்டியதில்லை.

வங்கதேசத் தலைநகர் டாக்காவில் நடந்த சோதனை இதைத்தான் காட்டியது. பத்து நாள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள், தாமும் பிள்ளைக்குப் பால் கொடுத்து வளர்த்தவர்கள், ஒவ்வொரு தாயையும் பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினைந்து முறை வீட்டில் போய்ப் பார்த்தார்கள். ஐந்தாம் மாதத்தில் அந்தத் தாய்மாரில் 70 விழுக்காட்டினர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தனர். மற்றவர்களில் 6 விழுக்காட்டினர். 2000ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவு பலருக்கு நம்பமுடியாததாக இருந்திருக்கும். ஆனால் அதற்கு ஓராண்டு முன்பே மெக்சிகோ நகரில் நடந்த சிறிய சோதனை, எத்தனை முறை போக வேண்டும் என்ற கேள்விக்கும் விடை வைத்திருந்தது: ஆறு முறை போய்ப் பார்த்தவர்களில் மூன்றாம் மாதத்தில் 67 விழுக்காடு, மூன்று முறை போய்ப் பார்த்தவர்களில் 50 விழுக்காடு, யாரும் போகாதவர்களில் 12 விழுக்காடு. முதல் மூன்று வருகைகள் பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகின்றன என்று இதிலிருந்து கொள்ளலாம். பணம் குறைவாக உள்ளவர் கவனிக்க வேண்டிய இடம் இது.

இந்தியச் சான்றும் இருக்கிறது. ஹரியானாவில், புதிதாக ஆள் எடுக்காமல், ஏற்கெனவே ஊரில் உள்ள மருத்துவச்சிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், துணைச் செவிலியர்கள் ஆகியோருக்குப் பயிற்சி தந்து, தடுப்பூசி நாளிலும் எடை பார்க்கும் நாளிலும் வீட்டிலும் ஒரே செய்தியைச் சொல்லவைத்தபோது, மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டும் பெற்றவர்கள் 79 விழுக்காடு. பயிற்சி தராத கிராமங்களில் 48. 2003இல் வெளியான இந்த ஆய்வைப் படிப்பவருக்கு, ‘அப்படியானால் நம் கிராம சுகாதாரச் செவிலியரே செய்யட்டுமே, அறக்கட்டளை எதற்கு?’ என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் 8,000க்கும் மேற்பட்ட துணை சுகாதார நிலையங்கள் உள்ளன. சமவெளியில் ஒரு நிலையத்துக்கு 5,000 மக்கள் என்பது கணக்கு. அங்குள்ள செவிலியர் கர்ப்பிணிப் பதிவும் தடுப்பூசியும் கணினிப் பதிவேற்றமும் செய்துகொண்டு, பிரசவித்து வந்தவளின் வீட்டுக்கும் போகத்தான் வேண்டும். போகிறார். ஆனால் எடையைக் குறித்து, தொப்புளைப் பார்த்து, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டுக் கிளம்புவதற்கே நேரம் சரியாக இருக்கிறது. ஒரு வேளைப் பால் கொடுத்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது வேறு வகை வேலை. அறக்கட்டளையின் ஆள் அவருக்குப் போட்டியாக அன்றி, அவரிடமிருந்தே பிரசவப் பட்டியலை வாங்கி, அவருக்கே திருப்பித் தகவல் சொல்பவராக இருக்க வேண்டும்.

இவ்வழி எங்கும் பலிக்கும் என்று சொல்லிவிட முடியாது. புர்கினா ஃபாசோ, உகாண்டா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் ஒரே மாதிரி வீட்டு வருகைத் திட்டம் சோதிக்கப்பட்டு 2011இல் முடிவுகள் வெளியாயின. பன்னிரண்டாம் வாரத்தில் தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகள், வருகை இல்லாத பகுதிகளில் 35 விழுக்காடாக இருக்க வருகை நடந்த பகுதிகளில் புர்கினா ஃபாசோவில் 79 ஆகவும், உகாண்டாவில் 44க்கு எதிராக 82 ஆகவும் இருந்தனர். தென்னாப்பிரிக்காவில் மட்டும் 6க்கு எதிராக 10 விழுக்காடு என்பதோடு நின்றுவிட்டது. அக்காலத்தில் அந்நாட்டு அரசு மருத்துவ நிலையங்களிலேயே எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்குப் பவுடர் பால் இலவசமாக வழங்கப்பட்டுவந்தது. 2011 ஆகஸ்டில்தான் அக்கொள்கை கைவிடப்பட்டது. வாசலில் வந்து நிற்கும் தோழி ஒன்று சொல்ல, அரசு டாக்டரின் மேசை வேறொன்று சொன்னால், மேசையே வெல்கிறது. மேலும், தாய்ப்பால் விகிதம் உயர்ந்த இரு நாடுகளிலும் வயிற்றுப்போக்கு குறிப்பிடும்படி குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் ஊருக்கு இதிலிருந்து பெறும் பாடம் ஒன்று உண்டு. குழந்தைகளுக்கான மாற்றுப் பாலுணவுகளை விளம்பரப்படுத்துவதையும் இலவச மாதிரி கொடுப்பதையும் மருத்துவப் பணியாளர்களுக்கு அன்பளிப்பு தருவதையும் 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003 திருத்தமும் தடைசெய்கின்றன. அப்படி இருந்தும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே பவுடர் பாலின் பெயர் எழுதப்பட்டு வரும் வீட்டில், நம் ஆள் தலைகீழாக நின்றாலும் பயன் குறைவுதான். அவ்வாறான சீட்டு அடிக்கடி வரும் ஒன்றியத்தில், பணத்தின் ஒரு பகுதியையும் நேரத்தின் பெரும்பகுதியையும் அந்த மருத்துவர்களோடு பேசுவதற்கு ஒதுக்காமல் வீட்டு வருகையைத் தொடங்குவது வீண். அறக்கட்டளை தானும் பாலுணவு நிறுவனங்களிடம் ஒரு பேனர்ச் செலவுகூட வாங்கலாகாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

தொலைபேசி, தனியறை, காசு

மீதமுள்ள வழிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

தொலைபேசி ஆதரவு மலிவானது. மெல்பர்ன் நகரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதல் பிரசவத் தாய்மாரிடம் நடந்த சோதனையில், தன்னார்வத் தோழிகள் தாமே கூப்பிட்டுப் பேசிய குழுவில் ஆறாம் மாதத்தில் 75 விழுக்காட்டினர் ஏதேனும் ஓரளவு தாய்ப்பால் கொடுத்தனர். பேசாத குழுவில் 69. பலன் சிறிதானாலும் மெய்யானது. இங்கே ‘தாமே கூப்பிட்டு’ என்பதே முக்கியம். ‘சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள்’ என்று அட்டை கொடுத்து அனுப்பும் ஏற்பாடுகள் பயன்படுவது அரிது என்பதைத் தாய்ப்பால் ஆதரவு பற்றிய காக்ரேன் மதிப்பாய்வும் குறித்தது. பிரசவித்த பெண் போனை எடுத்து அந்நியரிடம் மார்பு வலியைப் பற்றிப் பேசத் தயங்குவாள். பல வீடுகளில் போன் கணவன் கையில் இருக்கும். எனவே இதைத் தனி வழியாகத் தேர்ந்தெடுக்காமல், ஒருமுறை முகம் பார்த்துப் பழகிய பின் இடைப்பட்ட நாட்களுக்கான பாலமாக வைத்துக்கொள்வதே தக்கது.

பாலூட்டும் அறைகளைப் பொறுத்தவரை, 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பேருந்து நிலையங்களில் நூற்றுக்கணக்கான அறைகளைத் திறந்தது, நல்ல காரியம். பூட்டிக் கிடக்கும் அறைகளைப் பற்றிய செய்திகளும் அவ்வப்போது வருகின்றன. பயணத்தில் ஒரு வேளை உதவும் அறையால், ஐந்தாம் நாள் இரவில் எதுவும் செய்ய இயலாது. பணியிடம் சற்று வேறு. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. ஐம்பதோ அதற்கு மேலோ ஊழியர் உள்ள நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 முதல் விடுப்பு ஓராண்டு. ஆனால் செங்கல் சூளையிலும் நூறு நாள் வேலையிலும் பீடி சுற்றுவதிலும் வீட்டு வேலையிலும் உள்ள பெண்ணுக்கு இவற்றில் எதுவும் எட்டுவதில்லை. அவர்கள் மிகுந்துள்ள பகுதியாக இருந்தால், வேலைத்தளத்தருகே ஒரு பாட்டியைச் சம்பளத்துக்கு அமர்த்தி நிழலில் தொட்டில் கட்டுவது, வீட்டு வருகையைவிட முந்தியே தேவைப்படலாம். ஒப்பீட்டின் முடிவை மாற்றக்கூடிய ஒரே உள்ளூர் நிலைமை என்று இதைத்தான் சொல்வேன்.

தாய்க்கு நேரே காசு கொடுத்தால் என்ன என்றும் கேட்பார்கள். இங்கிலாந்தில் அப்படிச் செய்து பார்த்தார்கள்: தாய்ப்பால் கொடுப்பவருக்கு மொத்தம் 200 பவுண்டு வரை கடைக்கூப்பன். ஆறு முதல் எட்டு வாரத்தில் தாய்ப்பால் கொடுத்தோர் விகிதம் கூப்பன் இல்லாத பகுதிகளில் 31.7, கூப்பன் தந்த பகுதிகளில் 37.9 விழுக்காடு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியாக நம் அரசு 18,000 ரூபாய் மதிப்பில் உதவுவதால், சிறிய அமைப்பு அதன்மேல் சேர்க்கும் சில நூறு ரூபாயால் எதுவும் மாறிவிடாது.

என் தேர்வும் அதன் கணக்கும்

என் தேர்வு வீட்டு வருகையே. ஒன்றியத்தில் ஆண்டுக்கு 600 பிரசவம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஐம்பது. ஒவ்வொருவருக்கும் ஆறு வருகை என்றால் மாதம் 300. ஒரு பெண் நாளொன்றுக்கு ஐந்து வீடு, மாதம் 25 நாள் என்றால் 125. ஆக, மூன்று பெண்கள் போதும். இரண்டு பேருக்குத்தான் பணம் என்றால் வருகையை ஐந்தாகவோ நான்காகவோ குறைத்துக்கொள்ளலாம். ஐந்தென்றால் ஒன்பதாம் மாதத்தில் பாட்டியோடு ஒருமுறை, வீடு திரும்பிய மறுநாள், ஐந்தாம் நாளை ஒட்டி, பத்து முதல் பதினான்காம் நாளுக்குள், ஆறாம் வாரத் தடுப்பூசிக்கு முன் ஒருமுறை. நான்கென்றால் விட வேண்டியது முதலாவதுதான். மூன்றாவதை எக்காரணம் கொண்டும் விடலாகாது. இடையில் வாரம் ஒரு போன். வார்டுக்குள் அனுமதி கிடைத்தால் வீட்டுக்குப் போகப்போகும் பெண்ணே அங்கும் ஒரு முறை தலைகாட்டிவிட்டு வரலாம். வார்டுக்கென்று தனி ஆள் வேண்டாம்.

அந்தப் பெண்களை எப்படித் தேர்வது? சான்றிதழைப் பார்த்து அன்று. தன் குழந்தைக்குப் பால் கொடுத்து, தடுமாறி, மீண்டவரைப் பார்த்து. பயிற்சியில் முக்கியமானது ஒன்று, எங்கே நிறுத்திக்கொள்வது என்பது. எடை தொடர்ந்து குறைகிற குழந்தை, மஞ்சள் உள்ளங்காலுக்கு இறங்கிய குழந்தை, பாலுக்கு எழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தை ஆகியவற்றைக் கண்டால் ‘இன்னும் வாய் வைத்துப் பாருங்கள்’ என்று சொல்லிக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். உண்மையிலேயே பால் குறைவாகச் சுரக்கும் தாய்மார் சிலர் உண்டு. அவர்களைக் குற்றவாளியாக்குகிற தாய்ப்பால் பிரசாரத்தை நான் ஏற்பதில்லை. புட்டி கொடுக்க நேர்ந்தவளின் வீட்டுக்கும் அதே அத்தனை முறையும் போக வேண்டும்.

அளவிடுவதைப் பற்றி ஒன்று. ‘எத்தனை பேருக்கு விழிப்புணர்வு அளித்தோம்’ என்னும் கணக்கை விட்டுவிட்டு, பதினான்காம் நாளிலும் ஐந்தாம் மாத முடிவிலும் ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்: நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும்வரை குழந்தையின் வாய்க்குள் என்னென்ன போயின? தண்ணீர், கிரைப் வாட்டர், வசம்பு, தேன் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ‘தாய்ப்பால் மட்டும்தான்’ என்பார்கள், பொய் சொல்வதற்காக அன்று, அவற்றை உணவாகவே எண்ணாததால். இக்கேள்வியைக் கேட்பவர், அந்த வீட்டுக்குப் போய்வந்த பெண்ணாக இருக்கலாகாது. தாய் அவருக்கு மனம் நோகாத விடையையே சொல்லுவாள்.

இத்தனையும் ஏற்பாடு செய்த பிறகும் முதல் மாதத்திலேயே திட்டம் தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. செவிலியரிடமிருந்து வரும் பட்டியலில் இருப்பது கணவன் வீட்டு முகவரி. பெண்ணோ தாய்வீட்டில் இருக்கிறாள். பக்கத்து ஒன்றியத்திலிருந்து இங்கே பிரசவத்துக்கு வந்திருக்கும் பெண் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே ஆள் எடுப்பதற்கு முன்பே, எட்டாம் மாதப் பரிசோதனையின்போது ‘பிரசவத்துக்குப் பின் எந்த வீட்டில் இருப்பீர்கள், அங்கே யாருடைய போன் எண்’ என்று கேட்டு எழுதிக்கொள்ளப் பதிவேட்டில் ஒரு கட்டம் போட்டுவிட வேண்டும். அக்கம்பக்கத்து ஒன்றியங்களின் செவிலியர்களோடு அந்தக் கட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு உறுதியான பிறகு, முதல் பெண்ணுக்குச் சம்பளம் பேசலாம்.